ஆறாம் பாகத்துக்கு அழுதவன்

ஒரு படத்தை ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு நன்றாக இல்லை என்று சொல்லிவிடுவது தவறு என்பது என் கருத்து. சாப்பாட்டிலும் அப்படித்தான். பாகற்காயை முதல் வாயிலேயே துப்புகிற குழந்தையை யாரும் அடிப்பதில்லை. இன்னொரு நாள் வேறு விதமாகச் சமைத்துக் கொடுத்துப் பார்க்கிறோம். நான் செய்தது அவ்வளவுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார். நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் தாண்டவராயன். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர்களின் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் அடிப்பேன். உங்கள் ஸ்டேஷன் வாசலில் இருக்கிற ஹெல்மெட் பேனர்கூட நான் அடித்ததுதான். வெயிலில் வெளுத்துவிட்டது, மாற்ற வேண்டும். இந்த விவகாரம் முடிந்ததும் மாற்றித் தருகிறேன்.

பார்த்திபனை உங்களுக்கு இப்போது தெரியும். காந்தி பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறவன். எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து சிநேகிதன். நாங்கள் சிநேகிதர்களானதே ‘சூரியக் கப்பல்’ படத்தால்தான். நீங்கள் பார்த்ததில்லை என்று சொன்னீர்கள், அதனால் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்து விட்டிருந்தார்கள். அரான் என்று ஒருவன். அவன் வலது கையில் நெருப்புக் கையுறை. கருங்கோள் சக்கரவர்த்தி என்கிற கொடியவனை எதிர்த்து, சூரிய ஒளியில் ஓடுகிற கப்பலில் கிரகம் கிரகமாகப் போய்ச் சண்டை போடுவான். முதல் மூன்று பாகங்களையும் திண்டிவனம் ரோட்டில் இருந்த டாக்கீஸில் பார்த்தோம். படம் விட்டு வரும்போது ராஜகிரி மலை உச்சியைப் பார்த்தால் சக்கரவர்த்தியின் கோட்டை மாதிரியே இருக்கும். ஆளுக்கொரு பழைய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு அந்த மலையை எத்தனையோ தடவை பிடித்திருக்கிறோம்.

அப்புறம் பல வருடம் கழித்து, எங்களுக்குக் கல்யாணமெல்லாம் ஆன பிறகு, நான்கு, ஐந்து, ஆறு என்று மறுபடி வந்தன. வேறு இயக்குநர். உலகம் முழுவதும் ரசிகர்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டார்கள். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நான்காம் பாகத்தில் அரான் கிழவன். வறண்டுபோன ஒரு கிரகத்தில் குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் வரிசையில் நிற்கிறான். முன்னால் நிற்பவனுக்கு அவன் யாரென்று தெரியாது. இவனும் சொல்வதில்லை. அண்டத்தையே காப்பாற்றியவன், சார், தன் முறை வரும்வரை பேசாமல் காத்திருக்கிறான். ரேஷன் கடை வரிசையில் நின்ற எவனும் அந்தக் காட்சியைக் குறை சொல்ல மாட்டான் என்று நினைத்தேன். “கையுறைய மாட்டி பூமிய ஒரு குத்து குத்துனா தண்ணி வராதாடா?” என்று கேட்டான் பார்த்திபன். ஐந்தாம் பாகத்தில் அந்தக் கையுறை மீரூ என்கிற பெண்ணிடம் போகிறது. கப்பல் நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிறவள். அதை வைத்து அவள் முதலில் செய்த காரியம், பிள்ளைக்கு ஆறிப்போன கஞ்சியைச் சூடு பண்ணியது. நான் சீட்டு நுனிக்கு வந்துவிட்டேன். பக்கத்து சீட்டில் பார்த்திபன் விசில் அடித்துக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான்.

ஆறாம் பாகத்தைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் போனோம். அதில் அரான் செத்துப்போகிறான். ஆனால் செத்ததைக் காட்டமாட்டார்கள். மீரூ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். ஒருவன் வந்து வாசலில் நின்று, “அரான் போயிட்டாரு” என்பான். அவள் குழாயை மூடுவாள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பிறகு குழாயைத் திறந்து மீதிப் பாத்திரங்களையும் கழுவி முடிப்பாள். அவ்வளவுதான் படம். தியேட்டரில் ஒரே கூச்சல். நான் மட்டும் அழுதேன்.

என் நைனா செத்த செய்தி வந்தபோது மெஷினில் ஒரு பூப்புனித நீராட்டு பேனர் ஓடிக்கொண்டிருந்தது. நான் மெஷினை நிறுத்தவில்லை. அச்சு முடிந்து, ஓரம் வெட்டி, சுருட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். கல்நெஞ்சக்காரன் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தக் காட்சியைப் பார்த்தபோதுதான், உலகத்தில் எங்கேயோ ஒருவனுக்கு என்னைப் புரிந்திருக்கிறது என்று தெரிந்தது. அதைப் பார்த்திபனிடம் சொன்னேன். அவன் என் கடையில் வாடிக்கையாளர்கள் முன்னால் சிரித்தபடி, “சாவுறத காட்டாம செத்துட்டான்னு சேதி சொன்னா எவன்டா அழுவான்? லூசாடா நீ?” என்றான்.

எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு, செஞ்சி சூரியக் கப்பல் ரசிகர் மன்றம். பார்த்திபன்தான் நிர்வாகி. குழுவின் பெயரை ‘ஒண்ணு ரெண்டு மூணு மட்டும்’ என்று மாற்றினான். நான் நான்காம் பாகத்தின் சிறப்புகளை விளக்கிக் குரல்பதிவு அனுப்பினால் கழுதைப் படம் போடுவான். கடைசியில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டான். இதையெல்லாம் ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அந்த டாக்கீஸ் மூடி நெடுநாளாகிவிட்டது. அதன் மாடியில் இருக்கிற, படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ரூமை நான் வாடகைக்கு எடுத்து பேனர் சட்டங்களைப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் காலத்து பிலிம் தீப்பிடிக்கும் என்பதால் கனத்த சுவர், இரும்புக் கதவு. ஆபரேட்டருக்கென்று கட்டிய சின்னக் கழிவறை உண்டு. ரோட்டைப் பார்த்து, எட்டாத உயரத்தில் ஒரு சன்னல், கம்பி போட்டது. ஒரு பெரிய டிவியும் மெத்தையும் வாங்கிப் போட்டேன். அமைதியாகப் படம் பார்க்க இதைவிட நல்ல இடம் செஞ்சியில் கிடையாது.

பார்த்திபன் செல்போன் கவர் வாங்க மும்பை போவான். அன்றைக்கும் கிளம்பினான். திண்டிவனம் வரை பைக்கில் விடுகிறேன் என்றேன். போகிற வழியில் புது டிவியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று மாடிக்கு அழைத்துப் போனேன். சார்ஜ் போடுகிறேன் என்று அவன் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து தாழ்ப்பாள் போட்டேன். நான்கு, ஐந்து, ஆறு மூன்றையும் வரிசையாக ஓடும்படி வைத்திருந்தேன். முழுதாக, மனதைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும் என்று கதவுக்கு வெளியிலிருந்தே தெளிவாகச் சொன்னேன். எந்த நிபந்தனையையும் நான் மறைக்கவில்லை.

அவன் உடனே, “நல்லா இருக்குடா, சூப்பரா இருக்குதுடா, கதவத் தொற” என்றான். அப்போது நான்காம் பாகத்தில் பெயர்கூட ஓடி முடியவில்லை. பயத்தில் சொல்கிற பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

மறுநாளும் அதே கதைதான். கத்துவான், கதவை உதைப்பான், பிறகு நல்லா இருக்குது என்பான். “எந்தக் காட்சி?” என்று கேட்டால் முழிப்பான். இதற்கிடையில் அவன் வீட்டில் தேட ஆரம்பித்துவிட்டார்கள். பார்த்திபனே அதைச் சொல்லி என்னை மிரட்டினான். “என் பொண்டாட்டி என்ன தேடினு வருவா, பார்த்துனே இரு.” அது நியாயமான பேச்சு. தேடுகிறவர்களுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டும். என்ன பதில் என்று யோசித்துக்கொண்டே படியிறங்கியபோதுதான் அவன் அன்றைக்குக் கேட்ட கேள்வி ஞாபகத்துக்கு வந்தது. செய்தி மட்டும் சொன்னால் எவன் அழுவான்? ஒரே கல்லில் இரண்டும் தீர்ந்துவிடும் என்று தோன்றியது.

ரயில் போன வழியிலேயே போய் நான் தேடிப் பார்த்து வருகிறேன் என்று அவன் வீட்டில் சொன்னேன். “நீதாம்பா எங்களுக்கு ஆளு” என்று அவன் அம்மா ரத்தினம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆந்திரா பக்கம் போனதாகச் சொன்ன அந்த நாட்களில் ஆபரேட்டர் ரூமில்தான் இருந்தேன். கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, அவனோடு தரையில் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலை தின்றபடி படம் பார்த்தேன். என் கையில் பேனர் சட்டத்துக்கு அடிக்கிற ரீப்பர் கட்டை இருந்தது, ஆனால் ஓங்க வேண்டிய அவசியம் வரவில்லை. தண்ணீர் வரிசைக் காட்சியில் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டேயிருந்தேன். எத்தனை வருடத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோம் என்று நினைத்தபோது மனம் நிறைந்துவிட்டது. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்றால் அவைதான்.

பிறகு அவனுடைய பையையும் ஒற்றைச் செருப்பையும் எடுத்துக்கொண்டு செய்தி சொல்லப் போனேன். ரத்தினம்மாள் சாயங்காலம்தான் வாசல் குழாயில் பாத்திரம் தேய்ப்பார். அதற்காகவே அதுவரை தெருமுனையில் காத்திருந்தேன். அவர் தேய்க்க ஆரம்பித்ததும் போய் வாசலில் நின்று, “பார்த்திபன் போயிட்டாம்மா” என்றேன். ரயிலிலிருந்து கிருஷ்ணா ஆற்றுப் பாலத்தில் விழுந்துவிட்டான், உடம்பு கிடைக்கவில்லை என்றேன். அவர் குழாயை மூடினார். அப்படியே நின்றார். மறுபடி திறப்பார் என்று எதிர்பார்த்தேன். திறக்கவில்லை, அப்படியே ஈரத்தில் சாய்ந்துவிட்டார். படத்தில் இருந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் ஒருவன் செத்தான் என்பதற்கு ஆஸ்பத்திரிக் காகிதம் இரண்டாம்பட்சம். பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் நின்றுவிட்டால் அவன் செத்தவன்தான். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி, நடுவில் படம், கீழே வருந்தும் நண்பர்களின் தலைகள். அன்று இரவே நிறுத்தினேன். என் தலையை முதலாவதாக வைத்தேன். பஜாரில் கடைகளை அடைத்தார்கள். வாட்ஸப் குழுவில் என்னை மறுபடி சேர்த்து, நிர்வாகி ஆக்கினார்கள். நான் கேட்கவே இல்லை.

ஷோபனா மட்டும் அழவில்லை. பார்த்திபன் மனைவியைச் சொல்கிறேன், எனக்குத் தங்கச்சி முறை. நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, “உடம்பப் பாக்காம நான் எதையும் அழிக்கமாட்டேன்ணா. பொட்டையும் அழிக்கமாட்டேன், தாலியையும் கழட்டமாட்டேன்” என்றாள். பெண்கள் எவ்வளவோ சொன்னார்கள். கேட்கவில்லை. கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்கிற அதே ரகம். இந்தக் குடும்பத்துக்கே நல்ல சினிமா ஒத்துவராது என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பு இல்லாமல் எப்படி எடுப்பது என்று பங்காளிகள் குழம்பினார்கள். வைக்கோலில் உருவம் செய்து எரிக்கலாம் என்றார் ஒரு பெரியவர். நான் ஆளுயரக் கட்-அவுட் அடித்துத் தருகிறேன் என்றேன். பிளக்ஸ் எரிந்தால் நாற்றமெடுக்கும் என்பதால் துணியில் அடித்தேன். கைகூப்பி நிற்கிற மாதிரி, நீலச் சட்டை, முகத்தில் லேசாகச் சிரிப்பு. பாடையில் படுக்க வைத்து மாலை போட்டதும், அசல் பார்த்திபனே படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வேலையில் எனக்குப் பெருமை உண்டு.

ஊர்வலம் ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு டாக்கீஸ் வழியாகப் போக வேண்டியதில்லை, அது சுற்று. நண்பன் முதன்முதலில் சூரியக் கப்பல் பார்த்த இடம், அங்கே கொஞ்ச நேரம் நிறுத்தி மரியாதை செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். எல்லோரும் நெகிழ்ந்துபோனார்கள். டாக்கீஸ் வாசலில் பாடையை இறக்கினோம். மேளக்காரர்கள் வளைத்து நின்று அடித்தார்கள். ரத்தினம்மாள் ரோட்டில் புரண்டு அழுதார். நான் அண்ணாந்து பார்த்தேன். சன்னல் கம்பியை இரண்டு கைகள் பிடித்திருந்தன, நடுவில் ஒரு வாய் திறந்து திறந்து மூடியது. பேனர் சட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஏறியிருக்கிறான் போல, அன்றைக்கே அவற்றை வெளியே எடுத்துவிட்டேன். “ம்மா, நான் இங்க இருக்கறேம்மா” என்று கத்தினானாம், அப்புறம் அவனே சொன்னான். பத்தாயிரம் வாலாவை அந்த நேரத்துக்குக் கொளுத்தச் சொல்லியிருந்தேன். அதனால் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

கொள்ளி வைத்து முடித்து, குளித்துவிட்டு, நேராக மாடிக்குப் போனேன். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பார்த்திபன் மெத்தையில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தியமாகச் சொல்கிறேன், சார், ஆறாம் பாகத்தின் அந்தக் கடைசிக் காட்சிதான் ஓடிக்கொண்டிருந்தது. மீரூ குழாயை மூடினாள். பார்த்திபன் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. அவன் அதைத் துடைக்கக்கூட இல்லை. அந்த முகத்தை அப்படியே போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு உள்ளே போய், “எப்படிடா இருக்குது?” என்று கேட்டேன். “நல்லா இருக்குடா. என்ன விட்ருடா” என்றான். முதல் பாதியை அவன் மனதாரச் சொன்னான். பின்பாதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவன் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், அம்மா ரோட்டில் புரண்டதைப் பார்த்துத்தான் அழுதேன், படத்தைப் பார்க்கவே இல்லை என்று சொல்லியிருப்பதாகப் படித்துக் காட்டினீர்கள். போலீஸுக்கு முன்னால் யாருமே அப்படித்தான் சொல்வார்கள். இத்தனை வருடம் பேசிய பேச்சை ஒரே நாளில் மாற்றிக்கொள்ள அவனுக்கு வெட்கம்.

அன்றைக்கே ஏன் திறந்துவிடவில்லை என்று கேட்டீர்கள். எனக்கும் திறக்கத்தான் ஆசை. ஆனால் ஊரே அழுது முடித்திருந்தது. கட்-அவுட் சாம்பலாகி ஆற்றில் கரைந்துவிட்டது. இவனைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவ்வளவு பேருடைய கண்ணீரும் பொய்யாகிவிடாதா? அப்படிப்பட்ட காரியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அவனைப் பட்டினி போட்டதாக யாரும் சொல்ல முடியாது. எட்டாம் நாள் படையலில் ரத்தினம்மாள் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் வைத்தார். கறிக்குழம்பு, மீன் வறுவல், முட்டை, ஒரு கட்டு பீடிகூட இருந்தது. அவன் பீடி பிடிப்பான் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. காக்கைக்கு வைக்க வேண்டிய இலையை நான் கொண்டுபோகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். அவனுக்கென்று படைத்ததை அவனிடமே கொடுத்தேன். ஊரில் எத்தனையோ பேர் படைக்கிறார்கள், நேராகப் போய்ச் சேர்ந்தது அது ஒன்றுதான். திரும்பி வந்ததும் ரத்தினம்மாள், “காக்கா எடுத்துச்சா, தாண்டவா?” என்று கேட்டார். “எடுத்துச்சிம்மா. மீன் வறுவலத்தான் மொதல்ல எடுத்துச்சி” என்றேன். “எம்புள்ளதான்டா அது” என்று என் தோளில் சாய்ந்துகொண்டு அழுதார். அந்த அம்மாவுக்கு நான் கொடுத்த ஆறுதலை வேறு யார் கொடுத்திருக்க முடியும்?

எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. ஷோபனா அழாதது ஒன்றுதான் உறுத்தல். நிறைந்த தியேட்டரில் ஒரே ஒரு ஆள் கொட்டாவி விட்டால் நம் கண் அங்கேதான் போகும். பதினாறாம் நாள் காரியத்துக்குப் புது பிளக்ஸ் அடிக்க வேண்டியிருந்தது. பழைய படத்தையே போட்டிருக்கலாம். ஆனால் ஷோபனாவை அழவைக்கிற முகம் என் போனில் இருந்தது. அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட் போட்டோவைப் போட எந்தக் கலைஞனுக்கு மனம் வரும்? சட்டையை மட்டும் வெள்ளையாக மாற்றி, பின்னால் மேகம் வைத்து, மேகத்துக்குள் ஒரு சின்னச் சூரியக் கப்பலையும் வைத்தேன்.

பதினாறாம் நாள் அமாவாசையில் வந்தது. மேல்மலையனூர் அங்காளம்மனுக்குப் போகிற கூட்டம் முழுவதும் எங்கள் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கும். ஸ்பெஷல் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஜனம் அந்த பிளக்ஸைப் பார்த்து உச்சுக்கொட்டியது. யாரோ ஊர் பேர் தெரியாத அம்மா, “எந்தக் கொறையோ, பாவம், செத்தும் அழுவுறாரே” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் கடை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷோபனா பூசணிக்காய் வாங்க வந்தாள். பிளக்ஸ் முன்னால் நின்றாள். நெடுநேரம் நின்றாள். இதோ அழப்போகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன்.

“தாண்டவண்ணா, இவருக்குத் தாடி எப்போ வந்துச்சி?” என்றாள்.

பார்த்திபனுக்குத் தாடி ஆகாது. ஒருநாள் விட்டாலும் அரிக்கும் என்று தினமும் மழித்துவிட்டுத்தான் கடைக்குப் போவான். அது எனக்கும் தெரியும். அந்த முகத்தின் அழகில் மறந்துவிட்டேன்.

“கம்ப்யூட்டர்ல வெச்சதும்மா” என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். மறுபடி பிளக்ஸைப் பார்த்தாள்.

“அழுவுறதும் கம்ப்யூட்டர்ல வெச்சதா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்றைக்கு உங்களுக்கும் எனக்கும் இந்த அலைச்சல் இல்லை. அதுவரை நான் சொன்ன பொய்கள் எவ்வளவோ. ஆனால் அந்தக் கண்ணீர் மட்டும் பொய் என்று என் வாயால் சொல்ல முடியவில்லை.

“இல்லம்மா. அது நிஜக் கண்ணீரு.”

“எதுக்கு அழுவுறாரு?”

“கிளைமாக்ஸுக்கு” என்றேன்.

ஷோபனா கத்தவில்லை, மயங்கவும் இல்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாக, “எந்தப் படத்துக்குண்ணா?” என்று கேட்டாள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் என்னிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை. நான் தண்ணீர் வரிசையிலிருந்து ஆரம்பித்தேன். மீரூ கஞ்சி சூடுபண்ணியதைச் சொன்னேன். குழாயை மூடித் திறந்ததைச் சொன்னேன். என் நைனா செத்த செய்தி வந்ததைச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள். கடைசியில், “நல்ல படமா இருக்குதுண்ணா. எங்க உக்காந்து பாத்தாரு?” என்றாள். அவ்வளவு ஈடுபாட்டோடு கேட்கிறவளிடம் எப்படிச் சொல்லாமல் இருப்பது? நம்ம டாக்கீஸ்லதாம்மா, ஆபரேட்டர் ரூம்ல, என்றேன். அவள் ஓடிய பிறகுதான், அவளுக்கும் படம் பிடிக்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது.

பூட்டை உடைத்து அவனை வெளியே கொண்டுவந்தபோது நானும் கூட்டத்தில் நின்றிருந்தேன். பார்த்திபனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து நடத்தி வந்தார்கள். ஷோபனா அவன் தாடியைத் தடவிப் பார்த்தாள், அப்போதுதான் அழுதாள். எப்படியோ அழுதுவிட்டாள் என்று எனக்கு ஒரு திருப்தி.

இன்றைக்குக் காலையில் நீங்கள் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள், பதினாறாம் நாளுக்குப் பிறகு அவனை என்ன செய்வதாக இருந்தாய் என்று. ஒன்றும் செய்வதாக இல்லை, சார். ஆறாம் பாகத்தில் அதற்குப் பிறகு என்று ஒன்று கிடையாது. செய்தி வரும், பாத்திரம் கழுவுவாள், படம் முடிந்துவிடும். நாங்களும் பதினாறாம் நாளோடு முடித்துக்கொள்வோம். அதற்கப்புறம் போனவருக்குத் தினமும் சாப்பாடு கொண்டுபோகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மறுநாளிலிருந்து நான் மாடிக்குப் போயிருக்கமாட்டேன். கதவு இரும்புக் கதவு என்று முன்பே சொன்னேன். டிவியை மட்டும் ஓடவிட்டு வந்திருப்பேன்.

இவ்வளவுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வருத்தத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நேற்று உங்கள் ஏட்டு போனில் காட்டினார், சூரியக் கப்பல் ஏழாம் பாகம் தீபாவளிக்கு வருகிறதாம். பழைய ரசிகர்களைத் திருப்திப்படுத்த இயக்குநரை மாற்றிவிட்டார்களாம். முதல் காட்சியிலேயே அரான் கதவைத் திறந்துகொண்டு உயிரோடு வருகிறானாம், செத்தது பொய்ச் செய்தியாம். கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருக்கிறவனைச் செத்துவிட்டான் என்று சொல்லி ஊர் உலகத்தையே அழவைக்கிறவர்கள், சார், பெற்ற தாய் வயிற்றில் பிறந்தவர்களாக இருப்பார்களா?